‘கவனம்’ என்று எழுதினால் புள்ளி இல்லை

1

சான்றிதழ் வந்து சேர்ந்தது. மின்னஞ்சலில் வந்ததை மகள் தெருமுனைக் கடையில் கொடுத்து, தடித்த தாளில் அச்சடித்துக் கொண்டுவந்தாள். தொழிலிடப் பாதுகாப்பில் சர்வதேசத் தகைமை பெற்றவர் என்று அதில் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. மனைவி ஸரீனா அதை இரண்டு கையாலும் வாங்கி, எங்கே மாட்டலாம் என்று சுவரைச் சுற்றிப் பார்த்தாள். இந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வாடகை ஒப்பந்தத்தின் தலையாய விதி. கடைசியில் குளிர்சாதனப் பெட்டியின் மேல், பேரீச்சம்பழ டப்பாவுக்குச் சாய்த்து வைத்தோம். பெட்டி ஓடும்போதெல்லாம் சான்றிதழ் மெல்ல நடுங்குகிறது.

அதில் இருக்கும் பெயரை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. ஆதம்லெப்பை முகம்மது றவூப் என்பது என் பெயர். ஆதம்லெப்பை என் வாப்பா. நெல் ஆலை லொறி ஓட்டி, மண்ணறைக்குப் போய்ப் பல வருடங்களாகின்றன. கடவுச்சீட்டில் வாப்பாவின் பெயர் முன்னால் நிற்பதால், பரீட்சைக்காரர்கள் அதையே என் முதற்பெயராக எடுத்துக்கொண்டார்கள். மாற்றித் தரும்படி எழுதினேன். கடவுச்சீட்டில் உள்ளபடிதான் இருக்கும் என்று பதில் வந்தது. கடவுச்சீட்டில் உள்ளதைத்தான் நானும் சொல்கிறேன் என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. பதிவு தொடங்கிக் கடைசி நேர்முகம் வரை எல்லோருக்கும் நான் ‘ஆதம்’. கூப்பிட்டபோதெல்லாம் வாப்பாவுக்காக நானே பதில் சொன்னேன்.

“நல்லதுதானே, வாப்பாவும் பாஸ்,” என்றாள் ஸரீனா. சிரிப்பதற்குக்கூட எனக்குச் சோர்வாக இருந்தது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலை என்னவென்று விளங்கப்படுத்துவது எளிதல்ல. தோஹாவில் கட்டடத்தளம் ஒன்றில் பச்சை ஹெல்மெட் போட்டுக்கொண்டு திரிகிறேன். பச்சை போட்டவன் கல் தூக்க மாட்டான், கம்பி கட்ட மாட்டான். மற்றவர்கள் வேலை செய்யும்போது கிட்ட வந்து நின்று, அதைக் கட்டு, இதை மாட்டு, அங்கே நிற்காதே என்பான். ஊருக்கு வந்திருந்தபோது இதைக் கேட்ட ஒருவர், “அப்ப சும்மா நிக்கிறதுக்கா காசு தாறான்?” என்று கேட்டார். 

சும்மா நிற்கும் வேலை காலையில் இருட்டோடு தொடங்குகிறது. வாசலில் நின்று கயிறு, கொக்கி, சப்பாத்து பார்க்க வேண்டும். சாரக்கட்டு ஒவ்வொன்றிலும் தொங்கும் அட்டை ஏறலாம் என்னும் பச்சையா, ஏறக் கூடாது என்னும் சிவப்பா என்று பார்க்க வேண்டும். கோடையில் பகல் உச்சிக்கு வெளிவேலை நின்றதும் நிழலில் குந்தியிருக்கும் ஆட்களை எண்ணி, தண்ணீர் குடித்தார்களா என்று கேட்டு, குடித்ததாகப் பொய் சொல்பவர்களைக் குடிக்கவைக்க வேண்டும். நேபாளி, வங்காளி, எங்கள் இலங்கைச் சிங்களப் பொடியன்கள் எல்லோருக்கும் நான் ஒரு தொல்லை. நானும் முன்பு சாரக்கட்டு ஆள்தான். என்னைத் தொல்லைப்படுத்திய பச்சைகளை அன்று மனதுக்குள் திட்டியவன்தான். இரவு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்தால் நிமிர மனம் வராது.

பதினெட்டு வருடத்தில் படிப்படியாக ஏறி, அனுபவத்தின் பேரில் கிடைத்த பச்சை இது. போன வருடம் புதிய ஒப்பந்தம் வந்தது. அதோடு ஒரு விதியும் வந்தது. பச்சை போட்ட எல்லோரிடமும் சர்வதேசச் சான்றிதழ் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் வருட முடிவில் ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டுக் களஞ்சிய அறைக்குப் போகலாம். களஞ்சியத்துக்குப் போனால் என் தரம் இறங்கும். தரம் இறங்கினால் குடும்பத்தை இங்கே வைத்திருக்கும் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். ஸரீனாவும் மகள் ஸஹ்லாவும் ஊருக்குப் போக, நான் திரும்பவும் முகாமில் ஆறு பேரோடு ஒரு அறையில்.

 ஸரீனாவுக்குப் பாதி மனம் எப்போதும் தன் ஊரான சாய்ந்தமருதில்தான். ஸஹ்லாதான் கேட்டாள்: “அப்போ என்ட கோர்ஸ்?” முதலாம் வகுப்பில் சேரும் வயதில் வந்தவள், இங்கேயே படித்து, கணக்கியல் இரண்டாம் வருடத்தில் இருக்கிறாள். ‘ஓம்’ என்று சொல்லமாட்டாள். கூடப் படிக்கும் இந்தியப் பிள்ளைகளிடமிருந்து பிடித்துக்கொண்ட ‘ஆமா’தான் வாயில் வரும். அவள் ‘ஆமா’ என்னும்போதெல்லாம் அவள் உம்மா ஸரீனாவின் முகம் சுண்டும். “ஓம் எண்டு சொல்லு புள்ள, நாக்கு தேஞ்சா போயிரும்?” அவள் அதற்கும் ‘ஆமா’ என்பாள். இவளை அள்ளிக்கொண்டுபோய்ச் சாய்ந்தமருதில் வைத்தால் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

3

முதல்முறை எழுதினேன். தோற்றேன்.

பரீட்சையில் ஒரு தொழிற்சாலைக் கதையைத் தருவார்கள். அங்கே என்னென்ன அபாயம், என்ன செய்ய வேண்டும் என்று நாம் எழுத வேண்டும். எனக்கு எல்லாம் தெரிந்த விசயம். படபடவென்று எழுதினேன். ஏணியில் ஏறுபவர் கவனமாக ஏற வேண்டும். இயந்திரத்தின் அருகே கவனமாக நிற்க வேண்டும். ஈரத் தரையில் கவனமாக நடக்க வேண்டும். எழுதி முடித்தபோது மனம் நிறைந்திருந்தது.

திருத்தியவர்களின் குறிப்பை ஸஹ்லாதான் வாசித்துச் சொன்னாள். “வாப்பா, ‘கவனமா’ எண்டு நிறைய இடத்துல எழுதியிரிக்கீங்க. அதுக்கு ஒரு இடத்துலயும் மார்க் இல்ல.”

“ஏன் இல்ல? கவனமா இருக்கத்தானே வேணும்?”

“அது ஏற்பாடு இல்லையாம். கைப்பிடி போடுறது ஏற்பாடு. தரையக் காயவெக்கிறது ஏற்பாடு. கவனமா இருங்க எண்டு சொன்னா நீங்க ஒண்டும் செய்யல்ல எண்டு அர்த்தமாம்.”

மூன்று நாள் அந்தக் கோபம் எனக்குள் இருந்தது. பிறகு தளத்தில் நிற்கும்போது யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் நாங்கள் ஒருவருக்கொருவர் கொடுப்பதே அதுதான். கடலுக்குப் போகிறவனுக்குக் கவனம். வயலுக்கு மருந்தடிக்கப் போகிறவனுக்குக் கவனம். மோட்டார் சைக்கிளில் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் போகிறவனுக்கு வாசலில் நின்று, “பாத்துப் போங்க, கவனம்” என்போம். ஹெல்மெட் எங்கே என்று கேட்க மாட்டோம். கேட்டால் அது அவநம்பிக்கை, ஒரு வகையில் வாய்விட்டுச் சொல்லும் துர்க்குறி. ‘கவனம்’ என்றால் அது பாசம். அதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டால் நாள் முழுக்க நெஞ்சு கிடந்து அடிக்கும். அதற்குப் புள்ளி இல்லை என்று ஒருவர் சிவப்பால் எழுதுகிறார். அவர் சொல்வது சரி. என் வேலையில் நான் பார்த்த எல்லா விபத்திலும் அடிபட்டவனுக்குக் காலையில் யாரோ கவனம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாம் முறை எழுதுவதற்கு முன் மகள் என் பயிற்சித் தாள்களிலெல்லாம் அந்தச் சொல்லைத் தேடித் தேடி வெட்டினாள். ஒரு தாளில் வெட்டி முடித்தபோது மிச்சம் என் பெயர்தான் இருந்தது. அதுவும் வாப்பாவின் பெயர்.

எழுத்துப் பரீட்சையில் தப்பிவிட்டேன்.

4

அடுத்தது செய்முறை. உண்மையான வேலைத்தளம் ஒன்றை எடுத்து, அங்குள்ள அபாயங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் இப்போது என்ன பாதுகாப்பு இருக்கிறது, இன்னும் என்ன செய்ய வேண்டும், யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் நிற்கும் தளத்தையே எழுதலாம் என்றிருந்தேன். மேலாளர் முடியாது என்றுவிட்டார். தளத்து விசயம் ஒரு வரி வெளியே போகக் கூடாதாம். சான்றிதழ் எடு என்று சொல்பவரும் அவர்தான், எடுக்க விடாதவரும் அவர்தான். இந்த இரண்டையும் ஒரே மேசையில் இருந்து, ஒரே முகத்தோடு அவரால் சொல்ல முடிகிறது.

வேறு தளத்துக்கு எங்கே போவேன்? அப்போதுதான் என்னிடம் சொந்தமாக ஒரு தளம் இருப்பது நினைவுக்கு வந்தது. சாய்ந்தமருதில், ஸரீனாவுக்குச் சீதனமாக வந்த வளவின் பின்பாதியில், மகளுக்காகக் கட்டிக்கொண்டிருக்கும் வீடு.

எங்கள் பக்கத்தில் கல்யாண வயதில் குமர் ஒன்று இருந்தால் அவள் பெயரில் ஒரு வீடு எழும்பியாக வேண்டும். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். நானும் அப்படி மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்தவன்தான். வீடில்லாமல் பெண் கேட்டு யாரும் படியேற மாட்டார்கள். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் தகப்பன்மார் எல்லோருக்கும் ஊரில் பாதி எழும்பிய ஒரு வீடு இருக்கும். நேரில் பார்த்ததைவிட அதைப் போனில் பார்த்ததுதான் அதிகமாக இருக்கும்.

ஸஹ்லா அந்த வீட்டில் இருப்பாளா என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஒருநாள் அவளே கேட்டாள். “வாப்பா, நான் அங்க போய் இருக்கப் போறனா?” நான் “இன்ஷா அல்லாஹ்” என்றேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பிறகு பேச்சு நீளாது. வீடு திரும்பிப் போவதற்கு. சான்றிதழ் திரும்பிப் போகாமல் இருப்பதற்கு. இரண்டையும் ஒரே சம்பளத்தில் கட்டிக்கொண்டிருந்தேன். எது முதலில் முடிய வேண்டும் என்று துஆக் கேட்பது என எனக்கே குழப்பம்.

வீட்டுக்கு மேல்மாடி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் ஸரீனா. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அவள் பக்கத்து வீட்டு மாடியில் ஏறித்தான் தப்பினாள். ஏற மாடியில்லாத வீட்டில் இருந்தவர்களைப் பற்றி அவள் கதைப்பதில்லை. “என்ட புள்ளைக்கு ஏற ஒரு இடம் வேணும்,” என்று மட்டும் சொன்னாள்.  அப்படித்தான் அந்த மாடி எழும்பியது. வெளிப்பூச்சுக்காக அதைச் சுற்றிச் சாரக்கட்டும் எழும்பியது.

வேலையை நின்று பார்ப்பவர் ஸரீனாவின் மூத்த சகோதரர், ஜவ்பர் மச்சான். கல்முனைப் புடவைக் கடையில் காலமெல்லாம் நின்று விற்றவர். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கூடிய பிறகு வீட்டோடு இருக்கிறார். போன முறை நான் கொண்டுபோன போன்தான் இப்போது அவருக்கு உலகம். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கடற்கரைப் படம், பத்து மணிக்கு மீன் படம், அசர் தொழுகைக்குப் பிறகு வானம். எல்லாம் எனக்கு வரும். படம் நன்றாக இருக்கிறது என்று எழுதாவிட்டால், கிடைக்கவில்லையோ என்று திருப்பியும் அனுப்புவார்.

5

மச்சான் வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்ட, நான் இங்கே மேசையில் இருந்து எழுதினேன். கமுகு மரமும் சவுக்குக் கம்பமும் சேர்த்துக் கயிற்றால் கட்டிய சாரக்கட்டு. இரண்டு பலகை அகலத்தில் நடைபாதை, அதிலும் ஒரு பலகை பாதியில் முடிகிறது. ஓரத்தில் கைப்பிடி என்று ஒன்றும் இல்லை. மேசன் யோகராசா வெறுங்காலோடு மேலே நின்று சுவருக்குச் சாந்து அடித்துக்கொண்டிருந்தார். வீரமுனைக்காரர். எங்கள் தெருவில் பாதி வீடு அவர் கட்டியது.

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

“யோகராசா, அந்த ஓரத்துல ஒரு தடி குறுக்கால கட்டலாமே?”

“தடி கட்டினா கை போகாது முதலாளி. பூச ஏலாது.”

“விழுந்தா?”

“ஏன் முதலாளி விழுறன்? கவனமாத்தான் நிக்கிறன்.”

புள்ளி இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது.

‘தற்போதுள்ள பாதுகாப்பு ஏற்பாடுகள்’ என்று படிவத்தில் ஒரு நிரல். உண்மையை எழுத வேண்டும் என்று விதி. உண்மையை எழுதினேன். கல் வைத்த அன்று மௌலவி வந்து ஓதினார். யோகராசா முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருக்கிறார். எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். ஸஹ்லா அதை வாசித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மூன்றையும் அழித்துவிட்டு, ‘எதுவுமில்லை’ என்று ஒரு சொல் எழுதினாள். அந்தச் சொல்லை என்னால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை. என் பிள்ளைக்காக எழும்பும் வீட்டைப் பற்றி என் பிள்ளையே எழுதிய சொல்.

“முதலாவது படி என்ன வாப்பா? அபாயத்தை முழுசா இல்லாமச் செய்றதுதானே?” என்றாள், திரையைப் பார்த்துக்கொண்டே.

“ஓம்.”

“அப்போ வீட்டைக் கட்டாம விட்டா?”

அடுக்களையில் சட்டி கழுவும் சத்தம் நின்றது. நான் மகளைப் பார்க்கவில்லை, அடுக்களைப் பக்கமும் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் சட்டி கழுவும் சத்தம் திரும்பவும் கேட்டது. ஸஹ்லா அடுத்த வரிக்குப் போனாள்.

6

சாரக்கட்டின் ஓரம் வீடியோவில் சரியாகத் தெரியவில்லை. கீழே இருந்து எடுத்தால் பலகையின் அடிப்பாகம்தான் தெரிகிறது. மேல்மாடிச் சுவருக்கும் பலகைக்கும் எவ்வளவு இடைவெளி என்று நான் பார்க்க வேண்டும். ‘ஓரம் தெரியிற மாதிரி ஒரு படம் கிடைச்சா நல்லம் மச்சான்’ என்று வியாழக்கிழமை ஒரு செய்தி அனுப்பினேன். யோகராசா ஏறும்போது எடுத்துத் தருவார் என்பது என் எண்ணம். அதை எழுதவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஊரில் ஜும்ஆத் தொழுகை முடிந்திருந்தது. இங்கே நான் குளித்து, புறப்பட இன்னும் நேரம் இருந்ததால் மேசையில் இருந்தேன். ஸஹ்லா பக்கத்தில் கணினியில் என் ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். படம் வந்தது.

அருமையான படம். பலகையின் ஓரம், கயிற்று முடிச்சு, இடைவெளி, கீழே மணல் குவியல், கலவை வாளி, எல்லாம் மேலிருந்து நேராகத் தெரிந்தது. நான் “இதுதான், இதுதான் வேணும்” என்று சொல்லிக்கொண்டே பெரிதாக்கினேன். அப்போது ஸஹ்லா படத்தின் அடிப்பக்கத்தை விரலால் தொட்டாள்.

இரண்டு கால். புதுச் செருப்பு. ஜும்ஆவுக்கு உடுத்த வெள்ளைச் சாறனின் கரை.

உடனே வீடியோவில் அழைத்தேன். மச்சானின் முகமும் அதற்குப் பின்னால் நிறைய வானமும் தெரிந்தன.

“எங்க நிக்கிறீங்க மச்சான்?”

“மேலதான். படம் வந்திச்சா?”

“யாரு கூட இருக்கிற?”

“ஒருத்தரும் இல்ல. வெள்ளிக்கிழமை, வேலை இல்லியே. பள்ளியில இருந்து நேரா வந்தன்.”

“சோறு திண்டீங்களா?”

“இன்னும் இல்ல. படத்த எடுத்துப்போட்டுப் போவம் எண்டு.”

சீனி வருத்தக்காரர். பசி வயிறு. உச்சி வெயில். இரண்டு பலகை.  இறங்குங்கள் என்றேன். சரி என்று கீழே பார்த்தார். முகம் மாறியது. ஏறும்போது மேலே பார்த்துக்கொண்டு ஏறியிருக்கிறார், இறங்கக் கீழே பார்க்க வேண்டும்.

“தல சுத்துற மாதிரி இரிக்கி மச்சான்,” என்றார் மெதுவாக.

சுவரோடு முதுகை வைத்துப் பலகையில் இருக்கச் சொன்னேன். இருந்தார். தெருவில் யாரையாவது கூப்பிடச் சொன்னேன். வெள்ளிக்கிழமைப் பகல், எல்லோரும் வீட்டுக்குள் சோற்றில். ஸரீனா தன் போனில் ஊரின் பக்கத்து வீட்டுக்கு அழைக்க, அங்கே போன் அடித்துக்கொண்டே இருந்தது. இருக்கச் சொன்னால் வெயில் சுடுகிறது, இறங்கச் சொன்னால் ஏணி. சற்று மூச்சு வாங்கிவிட்டு அவரே எழும்பினார். “இருந்தா இன்னும் கூடும்போல. இறங்குறன்,” என்றார். இரண்டு கையும் வேண்டுமே என்று போனைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அழைப்பை நிறுத்தவில்லை.

அதன் பிறகு எங்களுக்குத் தெரிந்தது வெள்ளைத் துணி மட்டும்தான். வெயில் பட்டு ஒளிரும் வெள்ளைத் துணி. மச்சானின் மூச்சு கேட்டது. கயிறு இழுபடும் சத்தம் கேட்டது.

என்னிடம் என்ன படிப்பு இருந்ததோ எல்லாவற்றையும் சொன்னேன். ஏணியைப் பார்த்துத் திரும்புங்கள். செருப்பைக் கழற்றிக் கீழே போடுங்கள். எப்போதும் இரண்டு காலும் ஒரு கையும், இல்லாவிட்டால் இரண்டு கையும் ஒரு காலும் பிடியில் இருக்க வேண்டும். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். மணலில் செருப்பு விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு மரப்படி முனகியது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

சொல்வதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை. கொக்கி இல்லை, வலை இல்லை, கைப்பிடி இல்லை. நடுவில் கடல் இருந்தது.

“கவனம் மச்சான்,” என்றேன். “கவனம். மெதுவா. கவனம்.”

பக்கத்தில் ஸஹ்லா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெள்ளைத் துணியைப் பார்த்து, “மாமா கவனம், மாமா கவனம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என் தாள்களில் அந்தச் சொல்லைத் தேடித் தேடி வெட்டியவள். ஸரீனா யாசீன் ஓதத் தொடங்கிவிட்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. துணி விலகியது. மச்சானின் தாடி, பிறகு வியர்த்த முகம், முகத்துக்குப் பின்னால் மணல்.

“இறங்கிட்டன்,” என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார்: “படம் கிளியரா வந்திச்சா?”

7

அன்று ஜும்ஆவுக்குப் பிந்திப் போனேன். குத்பாவில் என்ன பேசினார்கள் என்று நினைவில்லை.

மறுநாள் படிவத்தில் ஒரு வரி கூட்டினேன். அபாயம்: வெளிநாட்டிலிருக்கும் உரிமையாளர் கேட்டதற்காக ஒருவர் தனியே சாரக்கட்டில் ஏறிப் படம் எடுத்தல். பாதிக்கப்படக்கூடியவர்: மனைவியின் சகோதரர். தற்போதுள்ள ஏற்பாடு: எதுவுமில்லை. செய்ய வேண்டியது: கேட்பதை நிறுத்துதல், ஏணியை வேலை இல்லாத நாளில் அகற்றி வைத்தல். பொறுப்பு: அந்த இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன். படத்தை வைக்கவில்லை.

வெளிப்பூச்சை நிறுத்தச் சொன்னேன். கல்முனையிலிருந்து இரும்புச் சாரக்கட்டு வரும்வரை யாரும் ஏறக் கூடாது என்றேன். மாரி தொடங்கப்போகிறது, சுவர் நனையும் என்று ஸரீனா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “நனைஞ்சா நனையட்டும்” என்றாள். இரும்புச் சாரக்கட்டு வந்தது. கைப்பிடிக் குழாய் நல்ல வசதி என்று யோகராசா சொன்னாராம். மேலே ஏறியதும் சேட்டைக் கழற்றி அதில்தான் காயப்போடுகிறாராம்.

கடைசி நேர்முகம் கணினித் திரையில். ஒரு பெண் அதிகாரி. “ஆதம், நான் பேசுவது கேட்கிறதா?” என்றார். கேட்கிறது என்றேன். எழுதியதெல்லாம் என் சொந்த வேலைதானா என்று உறுதிசெய்ய நாலைந்து கேள்வி. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார். “இதற்கு ஏன் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறீர்கள்? ஏறியவர் அவர்தானே?”

என் ஆங்கிலம் அதற்கு மேல் வளையாது. “எனக்காக ஏறினார்,” என்று மட்டும் சொன்னேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

முடிவு வந்த அன்று ஸரீனா நோன்பு நோற்றாள். ஸஹ்லாவிடம், “கொஞ்ச வருசத்துக்கு இனிப் பயமில்ல மகள், நீங்க இங்க இருந்தே படிக்கலாம்” என்றேன். “ஓம்” என்றாள். வேண்டுமென்று சொன்னாளா, தானாக வந்ததா என்று நான் கேட்கவில்லை. உம்மாவும் கேட்கவில்லை, ஆனால் அவள் கையில் இருந்த அகப்பை கொஞ்சநேரம் அசையாமல் நின்றது. பச்சை ஹெல்மெட் என்னிடமே இருக்கிறது. அடுத்த நாளும் இருட்டோடு எழும்பி, கயிறும் கொக்கியும் பார்க்கத்தான் போனேன். சான்றிதழ் வந்ததால் உடம்பின் அலுப்புக் குறைந்ததாகத் தெரியவில்லை. இன்னும் சில வருடங்களுக்கு அலுத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மச்சானுக்கு அழைத்துச் சொன்னேன்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார்.  “எனக்குத் தெரியும் நீங்க எடுப்பீங்க எண்டு. தெருவெல்லாம் சொல்லப்போறன்.” பிறகு கேட்டார்: “நான் அனுப்பின அந்தப் படம் உதவிச்சா மச்சான்?”

அந்தப் படம் என் போனில்தான் இருக்கிறது. யாருக்கும் அனுப்பவில்லை. அழிக்கவும் கை வரவில்லை. சில வேளை தளத்தில் நிழலில் நிற்கும்போது எடுத்து, அடியில் தெரியும் அந்த இரண்டு காலையும் பார்ப்பேன்.

“ஓம் மச்சான்,” என்றேன். “அந்தப் படம் இல்லாட்டி நான் பாஸாகியே இரிக்க மாட்டன்.”

“தெரியும்,” என்றார் மச்சான், மனம் நிறைந்து. “அதுக்காகத்தான் நல்லா ஓரத்துக்குப் போய் நிண்டு எடுத்தன்.”